சரித்திர வகுப்பிலே துப்பறிதல்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே கட்டியம் கூறப்படுவதை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். அடியார் கைகூப்பி நிற்க, கட்டியகாரர் உரத்த குரலில் வடமொழியிலே அதனைச் சொல்லுவார். அந்தக் கட்டியத்திலே புவனேகபாகு என்னும் ஓர் அரசனுடைய பெயர் வருகின்றது. தலைமுறை தலைமுறையாக அப்பெயரை நாம் கேட்டு வருகின்றோம். ஆயினும் அந்தப் புவனேகபாகு யார், அவனுடைய பெயர் இக்கோயிலிலே கூறப்படுவானேன் என்று வினாவுவோர் மிகச் சிலரே.

நான் நல்லூரிலே சரித்திரம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். ஒருமுறை இந்த வினாவை நேராகவே மாணாக்கர் முன் வைத்தேன். ஐந்து நிமிடத்துள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. இரு கட்சியிலும் உரத்த குரல் இருந்தது; சான்று இருக்கவில்லை. வீட்டிலே கேட்டதை ஒருவன் சொன்னான். வேறொரு வீட்டிலே கேட்டதை மற்றொருவன் சொன்னான். அன்று நான் ஒன்றை உணர்ந்தேன். தன் வீட்டு வழக்கிலே ஒருவன் நடுவனாக இருக்கவேண்டுமாயின், அயலூர் வழக்கிலே முன்னர் நடுவனாக இருந்து பழகியிருத்தல் வேண்டும். ஆதலின் புவனேகபாகுவை ஒரு புறம் வைத்துவிட்டு, மாணாக்கரைப் பண்டை உரோமாபுரிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே அவர்கள் செய்த துப்பறிவு வேலையைப் பற்றியும், அதன்பின் நல்லூருக்குத் திரும்பிய விதத்தைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நம்முடைய பள்ளிக்கூடங்களிலே சரித்திரம் எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றது? ஆசிரியர் சொல்லுவார், மாணாக்கர் எழுதுவர். அரசர் பெயரும் ஆண்டும் போரும் உடன்படிக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொப்பியிலே ஏறும். சோதனை முடிந்ததும் அவை மறந்துபோகும். இதற்கு மாணாக்கரைக் குறைகூறிப் பயனில்லை. கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர் விடையை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவதில்லை. வழியைக் காட்டுகின்றார், பின்னர் வேறொரு கணக்கைக் கொடுத்து மாணாக்கனையே செய்யச் சொல்லுகின்றார். சரித்திர ஆசிரியரோ பெரும்பாலும் விடையை மட்டுமே கொடுக்கின்றார். அந்த விடைக்குரிய வினா யாது, அதனைக் கண்டவர் யார், எதனைக் கொண்டு கண்டார் என்பன மறைந்துவிடுகின்றன. வழி தெரியாது பெற்ற விடை நெடுநாள் நிற்பதில்லை.

வரலாற்று ஆசிரியனைத் துப்பறிவோனுக்கு ஒப்பிட்டுக் காட்டியவர்களுள் ஒருவர் ஆங்கில மெய்யியலறிஞர் கொலிங்வுட். அவர் 1943 இல் இறந்தார்; வரலாறு பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1946 இல் வெளிவந்தது. அவர் ஏட்டறிவு மட்டும் உடையவர் அல்லர். பிரித்தானியத் தீவிலே உரோமர் விட்டுச்சென்ற கல்வெட்டுகளையும் அரண்களையும் நேரிலே ஆராய்ந்தவர். தம் நூலிலே ஒரு கற்பனைக் கொலைவழக்கை அமைத்துக் காட்டினார். கிராமத்தில் ஒருவன் கத்தியாற் குத்தப்பட்டு இறந்து கிடக்கின்றான். அயல்வீட்டு முதியவள் தானே கொன்றதாகச் சொல்லுகின்றாள். குருவானவருடைய மகளும் தானே கொன்றதாகச் சொல்லுகின்றாள். துப்பறியும் அதிகாரி இவர்கள் கூற்றை நம்புவதா விடுவதா என்று தம்மைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. இப்பெண் ஏன் இவ்வாறு சொல்லுகின்றாள், இவள் இவ்வாறு சொல்லுவது எதனைக் காட்டுகின்றது என்று கேட்கின்றார். அப்பொழுது பொய்யுங்கூட அவருக்குச் சான்றாகிவிடுகின்றது.

இக்கருத்து நாளடைவிலே பள்ளிக்கூடத்துக்குள்ளும் புகுந்தது. இங்கிலாந்திலே 1972 இல் தொடங்கிய ஒரு பாடசாலைச் சரித்திரத் திட்டம், இறந்துபோன ஓர் இளைஞனிடம் இருந்த சிறு பொருள்களைக் கொண்டு அவனுடைய கதையைக் கண்டறியும் பயிற்சியைத் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாக வைத்தது. அத்தகைய பாடத்தை நல்லூரிலே நடத்துவதற்கு வேண்டியவை ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் சில கடுதாசித் துண்டுகளுமே.

நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் வழக்கு யூலியஸ் சீசருடைய கொலை. அது கி. மு. 44 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15 ஆம் நாள் நடந்தது. கொன்றவர் யார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிறு வினாவை எழுப்பினேன். சீசருடைய உடலில் எத்தனை காயம் இருந்தன? வகுப்பை நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு சாட்சியின் கூற்றைத் தனித்தனிக் கடுதாசியில் எழுதிக் கொடுத்தேன். புளூட்டார்க் 23 என்கின்றார். சுவிட்டோனியஸ் 23 என்கின்றார். அப்பியன் என்பவரும் 23 என்கின்றார். தமாஸ்கு நகரத்து நிக்கொலாஸ் மட்டும் 35 என்கின்றார்.

மூவர் ஒன்று சொல்ல ஒருவர் வேறு சொன்னால் மூவரையே நம்பவேண்டும் என்று வகுப்பு உடனே தீர்ப்புக் கூறியது. அப்பொழுது மேலும் ஒரு கடுதாசியைக் கொடுத்தேன். அதில் அவரவர் வாழ்ந்த காலம் இருந்தது. நிக்கொலாஸ் சீசர் கொலையுண்ட காலத்தில் ஏறக்குறைய 20 வயதினராய் உயிரோடிருந்தவர். ஏனைய மூவரும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் இரண்டு நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம் கழித்து எழுதியவர்கள். தீர்ப்பு மறுபுறம் சாய்ந்தது. மூன்றாவது கடுதாசியைக் கொடுத்தேன். நிக்கொலாஸ் சீசருடைய வழித்தோன்றலாகிய அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் நண்பர். அவனுடைய வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதியவர். கொலைஞருடைய கொடுமையைப் பெருக்கிக் காட்டுவது அவருக்கு உவப்பாக இருக்கலாம் அன்றோ?

வகுப்பு அமைதியாயிற்று. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அந்த மூன்று பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தால், சேர், அவர்கள் மூன்று சாட்சியா, ஒரு சாட்சியா?" என்று கேட்டாள். நான் கற்பிக்க எண்ணியிருந்ததை அவளே கற்பித்துவிட்டாள். ஒரே கிணற்றில் மூன்று வாளியால் அள்ளினாலும் நீர் ஒன்றே.

சீசர் இறக்கும்போது புரூட்டசை நோக்கிக் கூறியதாக உலகம் முழுவதும் வழங்கும் சொற்களையும் அவ்வாறே ஆராய்ந்தோம். சேக்சுபியருடைய நாடகத்தினாலே அவை எங்கும் பரவின. ஆனால் சுவிட்டோனியஸ் சொல்லுவது வேறு. முதற் குத்திலே ஒருமுறை முனகியதன்றிச் சீசர் வாய் திறக்கவில்லை என்பது அவர் கூற்று. புரூட்டசை நோக்கிக் கிரேக்க மொழியில் ஏதோ சொன்னதாகச் சிலர் கூறுவர் என்பதையும் அவர் குறித்து வைத்தார். நமக்குத் தெரிந்த சீசர் எவ்வளவு தூரம் நாடகமேடையிலே பிறந்தவர் என்பதை மாணாக்கர் வியப்போடு கண்டனர்.

இரண்டாவது வழக்கு நமது கடற்கரைக்கே வருகின்றது. உரோமருள் பிளினி என்னும் பேரறிஞர் இருந்தார். உலகத்துப் பொருள்களை எல்லாம் தொகுத்துரைக்கும் பெருநூல் ஒன்றைக் கி. பி. 77 இல் முடித்தார். இரண்டு ஆண்டு கழித்து வெசூவியஸ் எரிமலை கக்கியபோது இறந்தார். அந்நூலின் ஆறாம் பகுதியில் இலங்கையைப் பற்றி ஒரு கதை இருக்கின்றது.

அன்னியஸ் புளொக்காமஸ் என்பவர் செங்கடற் பகுதியில் வரி தண்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர். அவருடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அராபியாவைச் சுற்றி மரக்கலத்திற் செல்லும்போது காற்றால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாளில் இலங்கைத் துறை ஒன்றை அடைந்தான். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அவனிடம் இருந்த உரோம வெள்ளி நாணயங்களிலே வெவ்வேறு ஆட்சியாளருடைய உருவங்கள் இருந்தும், எல்லாம் ஒரே நிறையாக இருந்ததைக் கண்டு அரசன் உரோமருடைய நேர்மையை மெச்சினான். பின்னர் நான்கு தூதுவரை உரோமாபுரிக்கு அனுப்பினான். அவர்களுக்குத் தலைவன் பெயர் இராகியா. கி. பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் இது நடந்ததாம்.

தூதுவர் தம் நாட்டைப் பற்றிச் சொன்னவையாகப் பிளினி பலவற்றை எழுதுகின்றார். அவற்றுள் மூன்றை மாணாக்கரிடம் கொடுத்தேன். முதலாவது, பெருங்கரடி என்னும் வடமீன் கூட்டத்தையும் கார்த்திகை மீன்களையும் உரோமாபுரி வானத்திலே கண்டு, புதியதொரு வானத்தைக் கண்டவர்போலத் தூதுவர் வியந்தனராம். இரண்டாவது, இலங்கையிலே பிறையின் எட்டாம் நாள் முதற் பதினாறாம் நாள் வரையிலேதான் சந்திரன் தோன்றும் என்றனராம். மூன்றாவது, உரோமாபுரியிலே நிழல் வடக்கு நோக்கி விழுவதும், ஞாயிறு இடப்புறம் தோன்றி வலப்புறம் மறைவதும் அவர்களுக்குப் புதுமையாக இருந்தனவாம்.

இவ்வழக்கில் உரோமாபுரிப் பிள்ளைகளைக் காட்டிலும் நல்லூர்ப் பிள்ளைகளே வல்லவர். முதற் கூற்றை வாசித்தவுடனே வகுப்பு நகைத்தது. கார்த்திகை மீனை அறியாத பிள்ளை நல்லூரிலே உண்டா? கார்த்திகைப் பெண்கள் அறுவரும் முருகனுக்குப் பாலூட்டிய கதை இங்கே தாலாட்டோடு வருவது. பெருங்கரடி என்பது நாம் ஏழு முனிவர் மண்டலம் என்று சொல்லும் கூட்டமே. சித்திரை வைகாசி மாதத்து முன்னிரவிலே வடக்கு நோக்கி நின்றால் அதனைக் காணலாம். இரண்டாம் கூற்றுக்கு மூன்றாம்பிறையே மறுப்பு. பத்தொன்பது நூற்றாண்டுக்கு முன் எழுதிய பேரறிஞர் ஒருவரைத் தங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடியே பிழை பிடித்த மகிழ்ச்சி அப்பிள்ளைகளின் முகத்திலே தெரிந்தது.

மூன்றாம் கூற்று அவ்வளவு எளியதன்று. அதற்கு ஒரு தடியை முற்றத்திலே நேராக நட்டு நண்பகல் நிழலைக் குறித்து வரும்படி சொன்னேன். சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களில் யாழ்ப்பாணத்திலே சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. நண்பகலில் நிழல் காலடியிலே ஒடுங்கிவிடுகின்றது. அதன்பின் ஓகஸ்ட் மாதத்தின் இறுதி வரையும் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகின்றது. நல்லூர்த் திருவிழாத் தொடங்கும் நாட்களிலும் அவ்வாறே. எஞ்சிய மாதங்களில் அது வடக்கு நோக்கி விழுகின்றது. உரோமாபுரி மிகவும் வடக்கே இருப்பதால் அங்கே எக்காலத்திலும் நண்பகல் நிழல் வடக்கு நோக்கியே விழும். ஆகவே மூன்றாம் கூற்றிலே பாதி உண்மை உண்டு. தெற்கே விழும் நிழலை அறிந்த மனிதர் யாரோ உரோமாபுரிக்குப் போயிருக்கின்றனர் அல்லது அத்தகையோர் சொல் அங்கே எட்டியிருக்கின்றது.

அப்படியாயின் மற்றைய இரண்டும் பிழையானது எவ்வாறு? மாணாக்கர் பல காரணம் காட்டினர். மொழிபெயர்ப்பவன் பிழைவிட்டிருக்கலாம் என்றான் ஒருவன். பிளினி தூதுவரை நேரிற் காணாமல் வேறொருவர் குறிப்பைப் பார்த்து எழுதியிருக்கலாம் என்றாள் ஒருத்தி. நான் அவர்களுக்குப் பிளினியின் கதை தொடங்கும் இடத்தைக் காட்டினேன். இலங்கை நெடுங்காலம் வேறோர் உலகம் என்றே கருதப்பட்டு வந்தது என்று அவர் அங்கே எழுதுகின்றார். வேறோர் உலகம் என்றால் வானமும் வேறாகத்தானே இருக்கவேண்டும்! எதிர்பார்த்ததையே அவர் காதும் கேட்டிருக்கலாம். அறிவிலும் நேர்மையிலும் குறைவில்லாத சாட்சிக்கும் இக்குறை உண்டு என்பதை மாணாக்கர் கண்டுகொண்டனர்.

இவ்விடத்திலே ஓர் அபாயம் இருக்கின்றது. இரண்டு பொய்யைக் கண்டுபிடித்த பிள்ளை எல்லாம் பொய் என்று சொல்லத் தொடங்கிவிடும். "அப்படியானால் தூதுவர் கதை முழுதும் கட்டுக்கதை" என்று ஒரு மாணாக்கன் முடிவு கட்டினான். அவனுக்கு விடையாக எகிப்து நாட்டுப் பாலைவனத்திலிருந்து ஒரு சாட்சியை அழைத்தேன்.

நைல் நதிக்கரையில் உள்ள கொப்தொஸ் நகரிலிருந்து செங்கடற் றுறையாகிய பெரெனிக்கே வரை வணிகர் சென்ற பாதையிலே, நிழல் தரும் பாறை ஒன்றில் இரண்டு பொறிப்புகள் இருக்கின்றன. ஒன்று இலத்தீன், மற்றொன்று கிரேக்கம். புளொக்காமசுடைய அடிமையாகிய இலீசாஸ் என்பவன் தான் இங்கு வந்ததாக அதிற் பொறித்து நாளும் இட்டிருக்கின்றான். அது கி. பி. 6 ஆம் ஆண்டு யூலை மாதம் 5 ஆம் நாள். இப்பொறிப்புகள் 1953 இல் அறிஞருலகுக்கு வெளியிடப்பட்டன. பிளினி அதனைப் பார்த்து எழுதவில்லை; அதனைப் பொறித்தவன் பிளினியை அறியான். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே பெயரை ஒரே கடல்வழியோடு சேர்த்துச் சொல்லுகின்றனர். புளொக்காமஸ் வாழ்ந்த மனிதர் என்பதில் இனி ஐயமில்லை.

ஆயினும் சான்று ஒன்று ஒரு கதவைத் திறக்கும்போது மற்றொரு வினாவையும் உள்ளே விடுகின்றது. கி. பி. 6 க்கும் கிளாடியஸ் அரசேறிய 41 க்கும் இடையே 35 ஆண்டு இருக்கின்றன. கப்பல் முன்னரே வந்து தூது பின்னர்ப் போயிற்றா? புளொக்காமஸ் நெடுங்காலம் வாழ்ந்தாரா? தந்தையும் மகனும் ஒரே பெயர் உடையவரா? மூன்றும் நிகழக்கூடியவை. ஒன்றையும் நிலைநாட்டப் போதிய சான்று இல்லை. கரும்பலகையிலே "அறியோம்" என்று எழுதினோம். சரித்திர வகுப்பிலே அச்சொல்லை எழுதுவதற்கு ஆசிரியனுக்குச் சிறிது துணிவு வேண்டும். அதனை எழுதிய நாளில் மாணாக்கர் என்னைக் குறைவாக மதித்ததாக நான் காணவில்லை.

நாணயக் கதைக்கு மண்ணே சாட்சி. கி. பி. 64 வரையும் உரோமர் ஓர் இறாத்தல் வெள்ளியிலே 84 நாணயம் அடித்தனர். அவ்வாண்டிலே நீரோ மன்னன் அதனை 96 ஆக்கி நிறையைக் குறைத்தான். அரசன் மெச்சிய சமநிறை அதற்கு முந்திய காலத்துக்குப் பொருந்துகின்றது. தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர்ப் பகுதியில், வெள்ளலூர் போன்ற இடங்களில், அகஸ்டஸ், தைபீரியஸ் என்போருடைய வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. இலங்கையிலோ அக்காலத்து வெள்ளி நாணயம் மிக அரிது. இங்கே ஏராளமாகக் கிடைப்பவை மூன்று நான்கு நூற்றாண்டுக்குப் பிற்பட்ட சிறு செப்புக் காசுகள். பிளினி சொல்லும் வெள்ளி எங்கே போயிற்று? உருக்கப்பட்டதா? வணிகம் பெரும்பாலும் தென்னிந்தியத் துறைகளின் வழியாகவே நடந்ததா? இவ்வினாக்களை மாணாக்கரே எழுப்பினர்.

இன்னொரு செய்தியையும் அவர்கள் முன் வைத்தேன். ஆறாம் நூற்றாண்டிலே கொஸ்மஸ் என்னும் கிரேக்கர் எழுதிய நூலில், சோபத்ரோஸ் என்னும் உரோம வணிகன் இலங்கை அரசன் முன் நிற்கின்றான். பாரசீகன் ஒருவனும் உடன் நிற்கின்றான். அரசன் உரோமரின் பொற்காசையும் பாரசீகரின் வெள்ளிக்காசையும் ஒப்பிட்டு உரோமரை மெச்சுகின்றான். "முன்னைய கதைதான், காசு மட்டும் மாறியிருக்கிறது" என்றான் ஒருவன். உரோமர் விரும்பிக் கேட்ட கதை என்பதனாலே அது பொய்யாகிவிடாது. ஆயினும் கேட்பவன் சற்றே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

சான்றுகளைத் தேடி அதிக தூரம் போகவேண்டியதும் இல்லை. சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள கந்தரோடையை நூறு ஆண்டுக்கு முன்னர் போல் பீரிஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தபோது, பழைய காசுகளோடு உரோமக் காசுகளும் வெளிப்பட்டன. 1970 இல் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்து, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த மட்கலங்களைக் கண்டனர். அரிக்கமேட்டை 1945 இல் அகழ்ந்த வீலர், வரிக்கோலம் உருட்டப்பட்ட ஒருவகை மட்கலத்தை மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்து வந்தது என்று கருதினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் அதன் மண்ணையும் தொழிலையும் ஆராய்ந்து, அது இந்தியாவிலேயே வனையப்பட்டது என்று கண்டனர். துப்பறிவோரில் தலைசிறந்தவருடைய தீர்ப்பும் மேன்முறையீட்டுக்கு உரியதே.

இப்பாடங்களை நடத்தும் முறையைப் பற்றிச் சக ஆசிரியர்களுக்குச் சில சொல்லவேண்டும். ஒவ்வொரு சாட்சியைப் பற்றியும் மூன்று வினா கேட்கின்றோம். சொல்லுபவர் யார்? அவர் அதனை எவ்வாறு அறிந்தார்? அவ்வாறு சொல்லுவதனால் அவருக்கு ஏதேனும் பயன் உண்டா? தீர்ப்புக்கு நான்கு படி வைத்திருக்கின்றோம்: உறுதி, ஏற்கத்தக்கது, ஐயம், அறியோம். மாணாக்கன் எந்தப் படியையும் தெரிந்தெடுக்கலாம். ஆனால் காரணம் காட்டவேண்டும். சான்றுகளை ஒருமிக்கக் கொடாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தல் நன்று. தீர்ப்பு மாறுவதை மாணாக்கனே தன் மனத்திற் காண்பான். சுவைக்காக ஆசிரியர் பொய்ச்சான்றைப் புனைந்து கொடுத்தலாகாது. உண்மைச் சான்றுகளே போதிய சுவை உடையவை.

பாடத்திட்டம் பெரிது, நேரம் சிறிது என்பது ஆசிரியர் பலர் சொல்லும் தடை. அது மெய்யான தடையே. எல்லாப் பாடத்தையும் இவ்வாறு நடத்த இயலாது, நடத்தவும் வேண்டியதில்லை. தவணைக்கு ஒரு வழக்குப் போதும். அவ்வொரு வழக்கிலே பழகிய மாணாக்கன் ஏனைய பாடங்களை வாசிக்கும்போதும், இதனை எவ்வாறு அறிந்தார்கள் என்று தானே கேட்கத் தொடங்குவான்.

இனி நல்லூருக்குத் திரும்புவோம். உரோமாபுரியிலே ஓராண்டு பழகியபின், புவனேகபாகுவை மீண்டும் வகுப்புக்கு அழைத்தேன். சான்றுகளைக் கடுதாசிகளிலே எழுதிக் கொடுத்தேன்.

முதற் கடுதாசியில் ஒரு பழம்பாடலின் செய்தி இருந்தது. சகாப்தம் 870 இலே, அதாவது கி. பி. 948 இலே, புவனேகபாகு என்பவன் நல்லூரிலே கந்தவேள் கோயிலை அமைத்தான் என்பது அதன் கருத்து. அவன் ஆரியச் சக்கரவர்த்தியின் அமைச்சன் என்பர். இரண்டாவது கடுதாசியில், யாழ்ப்பாணத்து அரசரின் வரலாறு கூறும் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்திலே, பதினெட்டாம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவரால் எழுதப்பட்டது என்ற குறிப்பு இருந்தது. மூன்றாவது, ஆரியச் சக்கரவர்த்திகளுடைய ஆட்சி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேதான் தொடங்கியது என வரலாற்றாசிரியர் பலர் கொள்ளுகின்றனர் என்பது. நான்காவது, கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனாகிய செண்பகப் பெருமாள் 1450 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி நல்லூரிலிருந்து ஆண்டான், பின்னர்க் கோட்டைக்குச் சென்று அரியணை ஏறியபோது புவனேகபாகு என்னும் பெயர் பூண்டான் என்பது. ஐந்தாவது, கட்டியத்திலே புவனேகபாகு என்னும் பெயரோடு சேர்ந்து வரும் ஸ்ரீ சங்கபோதி என்பது சிங்கள அரசர் தரித்த பட்டம் என்பது. ஆறாவது, பழைய கோயில் 1621 இலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது, இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் ஆட்சியிலே, பதினெட்டாம் நூற்றாண்டில், வேறோரிடத்தில் எழுந்தது என்பது.

முன்னொருநாள் ஐந்து நிமிடத்தில் இரு கட்சியாகப் பிரிந்த வினா இது. இம்முறை ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. சீசருடைய காயங்களை எண்ணிய மாணாக்கரே பேசினர். பாடலில் உள்ள ஆண்டு அரச பரம்பரையோடு பொருந்தவில்லை. ஆயினும் பெயர் பொருந்துகின்றது என்றான் ஒருவன். கட்டியம் எக்காலத்தில் இயற்றப்பட்டது என்று அறியாமல் அதனைப் பதினைந்தாம் நூற்றாண்டுச் சாட்சியாகக் கொள்ளலாமா என்று கேட்டாள் ஒருத்தி. முன்னரே ஒரு கோயில் இருக்க, செண்பகப் பெருமாள் அதனைப் புதுக்கியிருக்கலாமே என்றான் இன்னொருவன். செண்பகப் பெருமாளுக்கும் இக்கோயிலுக்கும் தொடர்புண்டு என்பதை "ஏற்கத்தக்கது" என்னும் படியிலும், முதன்முதல் அமைத்தவன் யார் என்பதை "அறியோம்" என்னும் படியிலும் பெரும்பாலோர் வைத்தனர். ஒரு சிலர் உடன்படவில்லை. அவர்களும் காரணம் காட்டினர்.

இவ்வாராய்ச்சி நல்லூருக்குப் புதியதன்று. நல்லூரிலே வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வைபவமாலையை வரிவரியாக ஆராய்ந்து 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் நூலை வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் முதலியார் இராசநாயகம் பண்டைய யாழ்ப்பாணத்தைப் பற்றி ஆங்கிலத்திலே பெருநூல் எழுதினார். இருவரும் பல இடங்களில் மாறுபட்டனர். சான்றுகளை முன்வைத்தே மாறுபட்டனர். அந்தக் கைவினையைத்தான் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முயல்கின்றோம்.

இது ஏன் இவ்வளவு வேண்டற்பாலது? இத்தீவிலே சரித்திரத்தைக் காணி உறுதிபோல எடுத்துக் காட்டி வழக்காடுவோர் எல்லாப் பக்கத்திலும் உளர். தன் பக்கத்து உறுதியை ஒருவரும் விளக்கொளியிலே பிடித்துப் பார்ப்பதில்லை. அயலவனுடைய உறுதியில் மட்டும் ஒவ்வோர் எழுத்தையும் தடவிப் பார்க்கின்றோம். இவ்வழக்கினால் நாம் பட்ட துன்பத்தை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உரோமாபுரி வழக்கிலே நமக்கு உறவினர் ஒருவரும் இல்லை; சீசருக்கு 23 காயமாயினும் 35 காயமாயினும் நம்முடைய மானம் போய்விடாது. ஆதலின் அங்கே பிள்ளைகள் அச்சமின்றிச் சான்றை நிறுத்துப் பார்க்கப் பழகலாம். பழகிய கை வீட்டுக்கு வந்தபோதும் நடுங்காது.

சான்றின் அருமையையும் அவர்கள் அவ்வாறே அறிகின்றனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. வழக்கு முடியுமுன்னே இறந்துபோன சாட்சிகள் அவை. பாலைவனத்துப் பாறையில் ஓர் அடிமை பொறித்த இரண்டு வரி ஒரு பேரறிஞரின் நூலுக்குத் துணைநின்றதைக் கண்ட பிள்ளை, வீட்டுப் பரணிலே கிடக்கும் பழைய ஓலையை அடுப்பிலே போடச் சம்மதியாது. நேயர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய ஓலையோ உறுதியோ பழைய கடிதமோ இருக்கக்கூடும். அதனைப் பிள்ளைகளிடம் காட்டி, இதனை எழுதியவர் யார் என்று கேளுங்கள்.

அவ்வகுப்பிலே படித்த ஒரு மாணாக்கன் சென்ற திருவிழாவிலே என்னைக் கோயில் வீதியிற் கண்டான். கட்டியம் கேட்டாயா என்று வினாவினேன். "முந்தியெல்லாம் அது முடியுமட்டும் நிற்பேன், சேர். இப்ப அந்தப் பெயர் வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்" என்றான். பின்னர்க் கைகூப்பியபடியே கூட்டத்தோடு உள்ளே சென்றான்.